இரண்டு மணி நாடகம்

அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் வழி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் பக்கவாதம், வலிப்பு, தலையில் அடிபட்டவர்கள். இடது பக்கம் மனநல வார்டு. எல்லாம் தலைக்குள் நடக்கிற விவகாரம்தானே, ஒரே மாடியில் கிடக்கட்டும் என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று பக்கம் கண்ணாடி வைத்த நர்ஸ் அறை. அங்கே வேலை பார்த்த பதினோரு நர்ஸ்களில் ஆண் ஒருவர்தான். பிரதர் என்று கூப்பிட்டால் அந்த மாடியில் திரும்பிப் பார்க்க வேறு ஆள் கிடையாது.

பிரதருக்கு வயது நாற்பத்தொன்று. நடுத்தர உயரம், லேசான தொப்பை, வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிற நெற்றி. ஆளைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. ஆனால் முகம் இருக்கிறதே, அது ரப்பர். நர்ஸிங் படிக்கப் போனபோது வகுப்பில் நாற்பத்திரண்டு பெண்கள், இவர் ஒரு ஆள். முதல் வாரம் முழுக்க மூலையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம், உடற்கூறு பாடம் எடுக்கிற அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, ஊதி, மறுபடி துடைப்பதை அப்படியே செய்து காட்டினார். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்க வைத்தால் நமக்கும் ஒரு இடம் கிடைக்கும் என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்துபோயிற்று. பிழைக்கத் தெரிந்த பிள்ளை, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வேலைக்கு வந்த பிறகும் அந்தத் திறமை வீணாகவில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். காலையில் இருந்தவர்கள், வருகிறவர்களிடம் ஒவ்வொரு நோயாளியையும் பற்றிச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். மற்ற நர்ஸ்கள் நோட்டைப் பார்த்து வாசிப்பார்கள். நாலாம் நம்பர், காய்ச்சல் இல்லை, மருந்து கொடுத்தாயிற்று. ஐந்தாம் நம்பர், வயிறு போகவில்லை. கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். பிரதர் நோட்டைத் திறப்பதே இல்லை. எழுந்து நின்று நாலாம் நம்பராகவே மாறிவிடுவார். படுக்கையில் எப்படிப் புரளுகிறார், எந்தக் கையைத் தூக்க முடியவில்லை, மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு விழுங்கிவிட்டதாக எப்படி ஏமாற்றுகிறார் என்பதெல்லாம் கண்முன்னால் வந்துவிடும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. இரண்டு மணி நாடகம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். லீவில் போயிருந்தவர்கள் மறுநாள் வந்ததும், "நேத்து என்ன படம் ஓடிச்சு?" என்றுதான் கேட்பார்கள்.

இதில் நிஜமான பிரயோஜனமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மனநல வார்டில் ஒரு தபால்காரர் இருந்தார். யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்ற பயத்துக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மனநல டாக்டர் ஏதோ கையெழுத்துப் போட உள்ளே வந்தபோது, பிரதர் அந்தத் தபால்காரராக நடந்துகொண்டிருந்தார். டாக்டர் நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவை நடங்க."

பிரதர் நடந்தார்.

"கை ஏன் வீசாம இருக்கு?"

"அவர் வீசறதில்ல டாக்டர். மூணு நாளா இப்படித்தான்."

டாக்டர் பேனாவை மூடிக்கொண்டு நேராகத் தபால்காரரிடம் போனார். மருந்து உடம்பை இறுக்க ஆரம்பித்திருந்தது. அன்றே அளவைக் குறைத்தார்கள். அதன் பிறகு பிரதருக்குத் தலைகால் புரியவில்லை. தான் செய்வது வைத்தியம் என்றே நம்பத் தொடங்கிவிட்டார். ஆனால் சிரிப்பு வந்த இடத்தில் அவர் கொஞ்சம் கூட்டிப் போடுவது உண்டு. கோணலாக இருக்கிற வாயை இன்னும் இரண்டு மடங்கு கோணலாக்குவார். அந்த இரண்டாவது மடங்கு எந்த வைத்தியத்துக்கும் வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது, செய்தார்.

சலூன்காரர் வந்து சேர்ந்தது அப்போதுதான். ஐம்பத்திரண்டு வயது. கடையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கும்போதே கத்திரி நழுவி விழ, வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போய்விட்டன. முப்பது வருஷம் வாய் ஓயாமல் பேசிய மனுஷர். நாற்காலியில் உட்கார்ந்தவர் பேச்சு சுவாரசியத்தில் தன் முடி போனதே தெரியாமல் எழுந்து போவாராம். அவருடைய மனைவி சொன்னது. இப்போது அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. "அடுத்து." ஒருவரை எழுப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறவரைக் கூப்பிடுகிற வார்த்தை. தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், கால் வலித்தாலும் அதுதான், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் அதுதான். பேச்சுக்கான பகுதியில் அடிபட்ட சிலருக்கு இப்படி ஒற்றைச் சொல் ஒட்டிக்கொண்டுவிடும். எதிராளி பேசுவது புரியும். தன் வாயிலிருந்து தப்பாக வருகிறது என்பதும் புரியும். அதுதான் கொடுமை.

சலூன்காரரைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு பிரதருக்கு வந்தது. காலையில் உடம்பு துடைத்து, சாய்த்து உட்கார வைத்து, சவரம் செய்ய வேண்டும். பிரதர் ரேசரைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்து முதல் நாளே சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. இடது கையால் பிரதரின் மணிக்கட்டைப் பிடித்து ரேசரைச் சாய்த்தார். தோலை எங்கே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். "அடுத்து, அடுத்து," என்று கண்டித்தார்.

"சரிங்க முதலாளி. தெரியாத வேலை, கத்துக்கறேன். வெட்டிட்டா கடையை விட்டு அனுப்பிடாதீங்க," என்றார் பிரதர்.

சலூன்காரர் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனாலும் சிரிப்பு சிரிப்புதான். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது. பிரதர் உலக விவகாரம் எல்லாம் அளந்துகொண்டே சவரம் செய்வார். சலூன்காரர் சரியான இடம் பார்த்து அந்த ஒற்றை வார்த்தையைப் போடுவார். படுக்கையைச் சுற்றி இழுத்துவிட்ட திரைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டால் இரண்டு பேர் ஊர்வம்பு பேசுகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இரண்டு மணி நாடகத்தில் சலூன்காரர் சீக்கிரமே கதாநாயகன் ஆகிவிட்டார். வாயின் வலது ஓரத்தைத் தொங்கவிட்டு, கண்ணை உருட்டி, கழுத்து நரம்பு புடைக்க ஏதோ பெரிய விஷயம் சொல்லப்போகிறவர் மாதிரி முக்கி, கடைசியில் "அ...டுத்து" என்று பிரதர் விடும்போது நர்ஸ்கள் நாற்காலியிலிருந்து விழாத குறை. இன்சார்ஜ் சிஸ்டர், அந்த மாடிக்கே பொறுப்பானவர், பல்லைக் காட்டாத மனுஷி என்று பெயரெடுத்தவர், அவரே நோட்டால் முகத்தை மறைத்துக்கொள்வார். வீட்டிலும் இதே காட்சிதான். சாப்பாடு முடிந்ததும் மனைவி, "இன்னைக்கு யாரு?" என்பாள். ஒன்பது வயது மகள் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை. சலூன்காரர் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து ஜன்னல் வரை நடப்பார். "தண்ணி", "வலி", "போ" என்று மூன்று புது வார்த்தைகள் வந்திருந்தன. அன்று மதியம் மனைவி கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து, யாரையும் கூப்பிடாமல் எழுந்து, சுவரோரக் கம்பியில் தோளைச் சாய்த்துச் சாய்த்து நர்ஸ் அறை வரைக்கும் தன்னந்தனியாக நடந்து வந்தார். அவ்வளவு தூரம் அவர் அதற்கு முன்னால் நடந்ததில்லை. வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

உள்ளே பிரதர் சலூன்காரராக இருந்தார். பக்கவாட்டில் நின்றிருந்ததால் அவருக்கு வெளியே ஆள் தெரியவில்லை. வெளியே இருப்பவருக்கு அந்தத் தொங்குகிற வாய் நன்றாகத் தெரிந்தது. நாலு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியது புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ். அவள் கண் போன திசையில் பிரதர் திரும்பினார். வாயை நேராக்க அவருக்கு ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணம் இரண்டு பேரும் ஒரே முகத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சலூன்காரர் கோபப்படவில்லை. ஊன்றுகோலைத் தூக்கித் திருப்பி வைத்தார், கெட்டுப்போன காலை இழுத்துத் திருப்பினார், பிறகு உடம்பைத் திருப்பினார். அவருக்கு அது அத்தனை வேலை. ஓடிப் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியவர்கள் ஐந்து பேர் உள்ளே இருந்தார்கள். ஒருவர்கூட அசையவில்லை. அவர் வந்த வழியே போனார்.

பிரதர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவருக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது, விடுங்க," என்றாள் ஒருத்தி.

புரியும் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி நோயாளிகளின் வீட்டாருக்குப் பாடம் எடுக்கிறவர்களே அவர்கள்தான். இன்சார்ஜ் சிஸ்டர் நோட்டைத் திறந்து, "ஒன்பதாம் நம்பர்," என்று வாசிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை சவரத்துக்கு உட்கார்ந்தபோது சலூன்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மரக்கட்டை மாதிரி நீட்டினார். மணிக்கட்டைப் பிடிக்கவில்லை, ரேசரைச் சாய்க்கவில்லை. தாடையில் வெட்டுப்பட்டு ரத்தம் துளிர்த்தது, அதற்கும் சத்தம் இல்லை.

"முதலாளி, நேத்து..." என்று பிரதர் ஆரம்பித்தார்.

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் பிரதருக்குத் தைரியம் வரவில்லை. பஞ்சை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்திவிட்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

பிரதரிடம் மட்டும் பேச்சு நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லாரிடமும் நின்றது. மனைவி கேட்டாலும் பதில் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டினால் சுவரைப் பார்த்தார். நடையும் நின்றது, சாப்பாடு பாதித் தட்டில் நின்றது. மிஞ்சியிருந்த அந்த ஒரு வார்த்தையையும், புதிதாக வந்தவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டார். தன் வாய் திறந்தால் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்துவிட்டாரே.

வெள்ளிக்கிழமை அந்த டீச்சர் பிரதரை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

"பிரதர், உங்க ஆளுக்கு என்ன ஆச்சு? செவ்வாய்க்கிழமை காலைல என்கிட்ட எவ்வளவு நல்லா பண்ணாரு தெரியுமா?"

"என்ன பண்ணாரு?"

"ஒரு வாரமா ஒரே வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு என் உயிரை எடுத்தாரு. அம்மான்னு ஆரம்பிப்போம், அதுதான் லேசா வரும்னா கேட்கவே மாட்டேங்கறாரு. நீங்க போறப்போ எல்லாம் உங்க யூனிஃபார்மைக் காட்டி, அதுதான் வேணும்னு அடம். செவ்வாய்க்கிழமை வந்துடுச்சு. சுத்தமா 'பிரதர்'னு சொன்னாரு. மத்தியானம் உங்ககிட்ட வந்து சொல்லப்போறதா சைகை காட்டினாரே. சொல்லலையா?"

"இல்லையே," என்றார் பிரதர்.

அது பொய் இல்லை. துணிகள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அடுக்கியிருந்த படுக்கை விரிப்புகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முப்பது வருஷம் பேசியே வாழ்ந்தவர் ஒரு வாரம் மல்லுக்கட்டி ஒரு வார்த்தையைப் பிடுங்கி எடுத்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவே முடியாத தூரம் நடந்து வந்திருக்கிறார். வந்த இடத்தில் அவருக்குக் கிடைத்தது இது.

இதோடு விஷயம் முடியவில்லை. அந்த வார்டில் ஒரு நோயாளிக்குப் பயிற்சிக் காலம் ஆறு வாரம்தான். ஐந்தாம் வாரக் கடைசியில் டாக்டர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் நாலு வாரம் கொடுப்பார்கள், தெரியாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், படுக்கைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் போன பேச்சு திரும்புவதற்கு முதல் சில மாதங்கள்தான் தங்கமான காலம். இப்போது அனுப்பிவிட்டால் சலூன்காரரின் வாய் மூடியது மூடியதாகவே போய்விடும். கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது.

மனநல டாக்டரை வரவழைத்தார்கள். தபால்காரரின் நடையைக் கவனித்த அதே டாக்டர். அவர் சலூன்காரரின் எதிரே பத்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். "பக்கவாதம் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும். இது அதுதான்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாத்திரை எழுதினார். நோட்டில் காரணம் என்ற இடத்தில், நோயின் தொடர்ச்சி என்று எழுதினார். பக்கத்தில் நின்ற பிரதர் அதைப் படித்தார். வாயைத் திறக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. திறக்கவில்லை.

மாத்திரை கொடுக்கிற வேலையும் அவருடையதுதான். காலையில் உணவுக்குப் பிறகு ஒன்று. விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது மாடியின் விதி. சலூன்காரர் விழுங்குவார், வாயை அகலத் திறப்பார், நாக்கைத் தூக்கிக் காட்டுவார், மூடிக்கொள்வார். பிரதருக்காக அந்த வாய் திறந்தது அதற்கு மட்டும்தான். தான் கொடுத்த காயத்துக்குத் தானே மருந்து கொடுத்து, அது உள்ளே போயிற்றா என்று எட்டியும் பார்க்கிற நிலைமை வேறு யாருக்காவது வந்திருக்குமா என்று பிரதர் நினைத்துக்கொள்வார்.

சலூன்காரரின் மனைவி ஒரு நாள் பாதிச் சாப்பாட்டுத் தட்டோடு அவரைத் தேடி வந்தாள்.

"தம்பி, நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன். உங்க பேச்சுன்னா அவருக்கு உயிரு. பெத்த பிள்ளைங்ககிட்டகூட சிரிக்கல, உங்ககிட்டதான் சிரிச்சாரு."

"பாக்கறேன் அக்கா," என்றார். பார்க்கவில்லை. அவள் இருக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் வேலையை மாற்றி அமைத்துக்கொண்டார்.

பிரதர் மோசமான ஆள் இல்லை. கோழை, அவ்வளவுதான். கோழைக்குக் காரணங்களா கிடைக்காது? நாம் மட்டுமா, எல்லாரும்தானே சிரித்தார்கள். ஒருவேளை டாக்டர் சொல்வது போல நோயாகவே இருக்குமோ. சொன்னால் மெமோ வரும், பதினேழு வருஷப் பெயர் போகும். கூட வேலை செய்கிற ஒரு நர்ஸ் வேறு காதோடு வந்து சொல்லிவைத்தாள்: "நீங்க எதையாவது உளறி வைக்காதீங்க பிரதர். எங்க தலையும் சேர்ந்து உருளும்." அவருக்கு அது சுமையைப் பங்குபோட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. சொல்லாமல் இருப்பதையும் ஒரு நல்ல காரியமாக்கிக்கொள்ள வழி கிடைத்துவிட்டது.

கூட்டத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை, வீட்டில் சாப்பாடு. அவர் நாடகம் போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள். மகளுக்கு இன்னும் கொஞ்சம் சாப்பாடு வேண்டியிருந்தது. தட்டை இடது கையால் நீட்டினாள். வாயின் வலது ஓரத்தைத் தொங்கவிட்டாள், கண்ணை உருட்டினாள். "அ...டுத்து," என்றாள்.

மனைவி சிரித்துக்கொண்டே பரிமாறினாள். மகள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. கழுத்து நரம்புகூடச் சரியாகப் புடைத்தது.

"அப்படிப் பண்ணாதே," என்றார் பிரதர்.

"ஏம்பா? நீங்கதானே பண்ணிக் காட்டினீங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போய் நின்றார். மனைவி பின்னாலேயே வந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடி, ஊன்றுகோல், 'பிரதர்' என்ற வார்த்தை, மாத்திரை, எதையும் விடவில்லை. அவள் குழாயடியில் கிடந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

"நானும்தானே சிரிச்சேன்," என்றாள் கடைசியில். பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"டாக்டர்கிட்ட?"

"இல்ல."

"அப்போ என்கிட்ட சொல்லி என்ன ஆகும்? நான் போய் அவரைப் பேச வைக்க முடியுமா?"

மறுநாள் காலை பத்து மணிக்குக் கூட்டம். மாடியின் கோடியில் இருக்கிற சின்ன அறை, ஒரு நீள மேஜை. நரம்பியல் டாக்டர், மனநல டாக்டர், டீச்சர், இன்சார்ஜ் சிஸ்டர், பிரதர். சக்கர நாற்காலியில் சலூன்காரர், அவர் தோளைத் தொட்டபடி மனைவி. டீச்சர் தன் தாளை வாசித்தாள், ஒத்துழைப்பு இல்லை என்று முடித்தாள். நரம்பியல் டாக்டர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"மூணாவது வாரம் வரைக்கும் நல்லா வந்தாரு, அதுக்கப்புறம் நின்னுபோச்சு. மாத்திரையைக் கூட்டிக் கொடுங்க. வீட்டுல வச்சுப் பாருங்கம்மா, ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

மனைவி தலையாட்டினாள். அவளுக்கு என்ன கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

"மாத்திரையைக் கூட்ட வேண்டாம் டாக்டர்," என்றார் பிரதர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அவருக்கு நோய் கூடல. நான்தான் அவரைப் பேச விடாமப் பண்ணிட்டேன்."

பிறகு சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, முன்னுக்குப் பின்னாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இரண்டு மணிக்கு என்ன செய்வார், யார் வாயைக் கோணிக் காட்டினார், வெளியே யார் நின்றார். மனைவியின் கை கணவன் தோளிலிருந்து மெல்ல நழுவியது.

"எப்படிச் செஞ்சீங்க?" என்றாள்.

"அக்கா..."

"அத்தனை பேருக்கு முன்னாடி செஞ்சீங்கல்ல தம்பி. எனக்கும் காட்டுங்க, நானும் பாக்கறேன்."

பிரதர் நிமிர்ந்தார். சலூன்காரர் கண்ணைத் திருப்பாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரதர் வாயின் வலது ஓரத்தை இறக்கப் பார்த்தார். முகம் அசையவில்லை. அத்தனை வருஷம் சொன்னபடி கேட்ட முகம் கல்லாக நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"வரல அக்கா."

"அவருக்கும்தான் வரல," என்றாள் அவள்.

இன்சார்ஜ் சிஸ்டர் மேஜையைப் பார்த்தபடி, "நாங்களும் சிரிச்சோம் டாக்டர். நானும்தான்," என்றார்.

மாத்திரையைக் கூட்டவில்லை, நாலு வாரம் கொடுத்தார்கள். பிரதருக்கும் இன்சார்ஜ் சிஸ்டருக்கும் மெமோ வந்தது. இரண்டு பேரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் பிரதர் சலூன்காரரின் படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தப்புப் பண்ணிட்டேன் முதலாளி. நீங்க எதுக்கு அங்க வந்தீங்கன்னு டீச்சர் சொன்னாங்க," என்றார். சலூன்காரர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்சார்ஜ் சிஸ்டர் வந்து, "உங்களுக்கு வேற ஆளை மாத்தட்டுமா?" என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தார். அதைப் பார்த்ததும் பிரதருக்கு உள்ளே ஒரு நப்பாசை எழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை சலூன்காரர் மனைவியிடம் "தண்ணி" என்றார். அவள் தம்ளரை வைத்துக்கொண்டே அழுதாள். பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. எட்டாவது வாரத்தில் அறுபதுக்கு மேல் என்று டீச்சர் எண்ணி வைத்திருந்தாள். தரை துடைக்கிற அம்மாவிடம் முடி கொட்டுவதற்கு யோசனை சொல்லுகிற அளவுக்கு வாய் திரும்பிவிட்டது. ஆனால் பிரதர் திரைக்கு உள்ளே வந்தால் அந்த வாய் மூடிக்கொள்ளும். பாதி வாக்கியத்தில் வந்தால் பாதியில் நிற்கும். சவரத்தின்போது இடது கை மட்டும் பழையபடி எழுந்து ரேசரைச் சாய்த்தது, ஏனென்றால் மோசமான சவரத்தை அவரால் சகிக்க முடியாது. தொழில் வேறு, பேச்சு வேறு. பிரதர் திரைக்கு வெளியே மருந்துத் தட்டோடு நின்று அவர் பேசுவதைக் கேட்பார். கேட்டு முடித்த பிறகுதான் உள்ளே போவார், போனால் பேச்சு நின்றுவிடும் என்பதால்.

இரண்டு மணிக்கு இப்போது அவரும் நோட்டைப் பார்த்துத்தான் வாசிக்கிறார். உப்புச் சப்பில்லாமல் இருக்கிறது. எல்லாருக்கும் கொட்டாவி வருகிறது, யாரும் அதைச் சொல்லுவதில்லை.

பத்தாவது வாரம் சலூன்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். கிளம்புகிற நோயாளியைப் பற்றிப் பொறுப்பு நர்ஸ் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பேச்சு என்று அதில் ஒரு பகுதி. நோயாளியின் பெயர், வயது, உடன் இருப்பவர் யார் என்று நர்ஸ் தானே கேட்டு, தன் காதால் கேட்டதைத்தான் எழுத வேண்டும், பிறர் சொன்னதை எழுதக்கூடாது என்று மேலேயே அச்சிட்டிருக்கும். வீட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி கொடுக்கப்போகிறவர் இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் எங்கே ஆரம்பிப்பது என்று முடிவு செய்வார்.

பிரதர் எதிரே உட்கார்ந்து பேனாவை எடுத்தார். "உங்க பேர் என்ன?"

சலூன்காரர் அவரைப் பார்த்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. வாய் மூடியிருந்தது.

"சொல்லுங்களேன். கிளம்பற நேரத்துல என்ன இது," என்றாள் மனைவி. அவர் இல்லை என்று தலையசைத்தார். அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "வேற சிஸ்டர் யாரையாவது கூப்பிடட்டுமா தம்பி?"

"வேண்டாம் அக்கா. என் வேலைதான்."

வயது என்ன என்று கேட்டார். பதில் இல்லை. பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். சலூன்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். கேட்க வேண்டிய மூன்றும் முடிந்தன. பேசவில்லை என்று எழுதினால் அந்த மனுஷர் பட்ட பாடெல்லாம் பாழ். பேசுகிறார் என்று எழுதினால் கேட்காததைக் கேட்டதாக எழுதியதாகும். பிரதர் நிறுத்தாமல் எழுதினார்.

'நோயாளி மற்ற எல்லாரிடமும் பேசுவதைத் திரைக்கு வெளியே நின்று தினமும் கேட்டிருக்கிறேன். தெளிவாகப் பேசுகிறார். என்னிடம் பேசுவதில்லை. அது நோயின் அறிகுறி இல்லை.'

கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டித் தாளைத் திருப்பி வைத்தார். சலூன்காரர் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாக நகர்ந்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி மேலே போய் இன்னொரு தடவை படித்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பேனாவை வாங்கி, இடது கையால் கையெழுத்துப் போட்டார்.